தோட்டத்துத் திடலில் ஆவணப்படம்: திரை, வெளிச்சம், சத்தம், ஒரு மைக்

மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் ஆவணப்படம் காட்டும் ஏற்பாடு ஒருவழியாகச் சரிப்பட்டு வந்துவிட்டது. 10 அடிக்கு ஏழரை அடித் திரை, செகண்ட் ஹேண்ட் ப்ரொஜெக்டர், உறுமி மேளப் பையன்களிடம் இரவல் வாங்கிய ஸ்பீக்கர், மைக் பிடித்துத் தமிழில் சொல்ல எதிர்வீட்டு அத்தை. இவ்வளவுதான் சாமான். வேறு தோட்டத்திலோ தாமான் என்கிற குடியிருப்பிலோ யாராவது இதே வேலையில் இறங்கினால், எதில் காசு வீணாகும், எதில் உழைப்பு வீணாகும் என்று முன்கூட்டியே தெரியட்டும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன்.

தோட்டத்துக்குத் திடல் படம் புதிதில்லை. நிர்வாகமே திடலில் எம்ஜிஆர் படமும் சிவாஜி படமும் போட்ட காலம் பலருக்கும் நினைவிருக்கும். அதற்கும் முன்னால், 1946இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட்டின் படங்களை ஏற்றிக்கொண்டு அரசாங்க வேன் வரும். 1948 ஜூனில் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் பிறந்த பிறகு, அந்த வேனுக்கு வேலை இன்னும் கூடியது. ஆனால் அவை தோட்டத்து மக்களுக்குப் புத்தி சொல்ல வந்த படங்கள். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியே கை காய்த்துப்போனவர்கள், உலகத்தின் வேறொரு மூலையில் கையால் பிழைக்கிறவர்களை நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கைத்தொலைபேசியில் எல்லாமே கிடைக்கிறது என்பார்கள். கிடைக்கலாம். ஆனால் ஐந்தங்குலத் திரையை ஒரு பாட்டி தனியாகப் பார்ப்பதும், நாற்பது பேர் சேர்ந்து வாய்விட்டுப் பேசிக்கொண்டே பெரிய திரையில் பார்ப்பதும் வேறு வேறு.

முதல் படமாக 1922இல் வந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' என்று முடிவு செய்தேன். கனடாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழும் இனுயிட் குடும்பம் ஒன்றைப் பற்றி ராபர்ட் ஃபிளாகர்ட்டி எடுத்த ஊமைப்படம். இரண்டாவது, 1925இல் வந்த 'கிராஸ்', அதாவது புல். பாரசீகத்தில் பக்தியாரி மக்கள் மேய்ச்சல் புல்லைத் தேடி ஆடுமாடுகளோடு ஆற்றையும் பனிமலையையும் கடந்து போகிற படம். இரண்டும் ஊமைப்படங்கள். இடையிடையே ஆங்கில எழுத்து அட்டைகள் மட்டும் வரும். பேச்சு இல்லாத படத்தில் மொழிச் சிக்கல் பாதி குறையும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. மலேசியாவில் படத்தின் பதிப்புரிமை 50 ஆண்டுதான் என்பதால் அந்தப் பக்கமும் தொல்லையில்லை.

அனுமதி விஷயத்தை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் நூறு வயதுப் படத்தையும் விட்டுவைக்காது. 2013இல் கோலாலம்பூரில் இலங்கைப் போர் பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டதற்காக ஒருவர்மேல் அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டு, 2017இல் 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் விதித்தார்கள். நாங்கள் கோயில் நிர்வாகத்தின் பெயரில் எழுத்தில் விண்ணப்பித்து, பதில் கைக்கு வந்த பிறகுதான் தேதி குறித்தோம்.

சரி, திரைக்கு வருவோம். பழைய விழா பேனர் ஒன்றின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று 70 வெள்ளி கொடுத்து ஒட்டித் தைக்கச் சொன்னேன். வீண். அந்தப் பிளாஸ்டிக் துணியில் மினுமினுப்பு அதிகம். நடுவில் விளக்கு வட்டம் ஒன்று பளிச்சென்று நிற்கிறது, ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் படம் மங்கல். அப்புறம் ஜன்னல் திரைக்கு உள்ளே வைத்துத் தைக்கும் வெள்ளை பிளாக்அவுட் துணி வாங்கினேன். மீட்டர் 12 வெள்ளி, மூன்றரை மீட்டர், 42 வெள்ளி. கடையில் அந்தத் துணியின் அகலம் 2.8 மீட்டர். ஏழரை அடி உயரம் என்பது 2.29 மீட்டர். ஆக, அகலத்தையே உயரமாகத் திருப்பிப் போட்டால் நடுவில் தையல் வராது. மேலும் கீழும் 25 சென்டிமீட்டர் மிச்சம் நிற்கும். அதை மடித்துத் தைத்தால் குழாய் நுழைகிற உறை ஆகிவிடும். தையல் கோடு நடுவில் வந்தால் பனிவெளிக் காட்சியில் ஒவ்வொரு நொடியும் கண்ணை உறுத்தும். அதனால் இந்த அகலக் கணக்கைக் கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும்.

சட்டத்துக்கு ஒன்றரை அங்குல ஹாலோ இரும்பு, அதாவது உள்ளே வெற்றான குழாய். 20 அடி நீளம், ஒன்று 45 வெள்ளி, மூன்று வாங்கினேன். இரண்டில் 12 அடித் தூண் ஒவ்வொன்று வெட்டினால் எட்டடித் துண்டு இரண்டு மிஞ்சும். அவற்றை உள்குழாய் போட்டு இணைத்துக் கீழ்க்கட்டை. மூன்றாவதில் பத்தரை அடி மேல்கட்டை. மிச்சத்தில் முட்டுக் கொடுக்கலாம். வெல்டிங் மச்சான் செய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை. தூண் நிற்க, பழைய கார் டயர் இரண்டுக்குள் சிமெண்ட் கலவை ஊற்றி நடுவில் குழாய் நட்டோம், பேட்மிண்டன் வலைக்குச் செய்வதுபோல. பாதி மூட்டை சிமெண்டே போதும். டயர் அறுபது எழுபது கிலோ கனக்கும். ஆனால் உருட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் வசதி.

திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே வைத்தால் முன்னால் நாற்காலியில் இருப்பவர் தலை பின்னால் இருப்பவர் படத்தில் விழும். துணியை இரும்போடு நேராக இறுக்கிக் கட்டக் கூடாது. 75 சதுர அடித் துணி காற்றில் பாய்மரமாகிவிடும். மழைக்கு முந்தின காற்றில் எங்கள் துணியின் ஓரத்தில் கயிறு மாட்டும் கண் இரண்டு பிய்த்துக்கொண்டு வந்தது. அப்புறம் பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை ஒரு விரல் அகலத்தில் வளையம் வளையமாக வெட்டி, ஓரடிக்கு ஒரு கண் வீதம் அதில் மாட்டினோம். காற்று வந்தால் துணி உப்பும், உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ரப்பர்தான் காப்பாற்றியது. ஒவ்வொரு தூணுக்கும் மூன்று கயிறு, தரையில் இரண்டரை அடிக் கம்பி முளை.

ப்ரொஜெக்டரில்தான் பெரிய செலவு, பெரிய ஏமாற்றமும் அங்கேதான். இணையத்தில் 160 வெள்ளிக்குக் கைக்கு அடக்கமான ஒன்று விற்கிறார்கள். பெட்டியில் லூமன் என்ற வெளிச்ச அளவை ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது ஆன்சி லூமன் என்று எழுதியிருக்கும் எண்ணை மட்டும். அது இல்லாவிட்டால் மற்ற எண்ணை நம்பாதீர்கள். கணக்கு சுலபம். வெளிச்சத்தைத் திரையின் சதுர அடியால் வகுக்க வேண்டும். திரையரங்குக்குப் பழைய அளவுகோல் சதுர அடிக்கு ஏறத்தாழ 16 லூமன். நான் வாங்கிய அந்தக் குட்டிப் பெட்டியின் உண்மையான வெளிச்சம் 200 என்று தாராளமாக வைத்தாலும், 75 சதுர அடிக்கு மூன்றுகூடத் தேறாது. வீட்டுச் சுவரில் தெளிவாகத் தெரிந்த படம் திடலில் சாம்பலாகிப் போனது இதனால்தான்.

பிறகு 380 வெள்ளிக்குப் பழைய வகுப்பறை ப்ரொஜெக்டர் ஒன்று கிடைத்தது. 3,000 ஆன்சி லூமன், நாலுக்கு மூன்று சட்டம். விளக்குக்கு வயதாகி வெளிச்சம் பாதி குறைந்திருக்கும் என்று வைத்தாலும் சதுர அடிக்கு 20 வருகிறது. நாலுக்கு மூன்று என்றால் பழைய சட்டம், இப்போது யாரும் வாங்கமாட்டார்கள், அதனால்தான் விலை மலிவு. ஆனால் 1920களின் படங்களும் அதே நாலுக்கு மூன்றுதான்! திரை முழுக்க நிரம்புகிறது, ஒரு கீற்று வெளிச்சமும் வீணில்லை. பழைய ஆவணப்படம் காட்ட நினைப்பவர்கள் இந்த வகையைத் தேடி வாங்கலாம். வாங்குமுன் மெனுவில் விளக்கு ஓடிய மணிக்கணக்கைக் கட்டாயம் பாருங்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்ததும் விசிறிச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

பத்தடிப் படத்துக்கு இந்த ப்ரொஜெக்டர் 15 அடி தள்ளி நிற்க வேண்டும். அது சரியாகக் கூட்டத்தின் நடுவில் வந்துவிடுகிறது. இது இன்னும் முழுதாகத் தீராத தொல்லை. இப்போதைக்குச் சுற்றிலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாய் போட்டு, எழுந்து நடக்கிற பெரியவர்களைப் பின்னால் உட்கார வைக்கிறோம்.

மின்சாரம் கோயில் மண்டபத்திலிருந்து எடுத்தோம். 30 மீட்டர், இரண்டரை சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பிக் கேபிள், 120 வெள்ளி. புல் எப்போதும் ஈரம். பேராக்கில் மத்தியானம் வெயில் அடித்தால் சாயங்காலம் மழைதான். மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி இல்லாத பிளக்கிலிருந்து ஈரப் புல்மேல் கேபிள் இழுக்கவே கூடாது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஜெனரேட்டர் வைக்கலாம் என்று ஓர் அண்ணன் சொன்னார். சத்தமில்லாத படத்துக்குப் பின்னால் அது உறுமிக்கொண்டே இருக்கும் என்பதால் விட்டுவிட்டோம்.

மழை விட்ட இரவில் ஈசல் வரும். இதை யாரும் எங்களுக்கு முன்னால் சொல்லவில்லை. இருட்டில் ப்ரொஜெக்டர் ஒன்றுதான் விளக்கு என்றால் மொத்த ஈசலும் லென்ஸில்தான் விழும்; திரையில் இறக்கைகள் யானை அளவுக்கு ஓடும். கொசுவலை போட்டுப் பார்த்தோம், படம் மங்கியது. கடைசியில் இரண்டு காரியம் உதவியது. கோயிலுக்குப் பின்னால் அறுபதடி தள்ளி ஒரு வெள்ளை எல்இடி விளக்கைப் பளிச்சென்று எரிய விட்டோம், ஈசலில் பெரும்பகுதி அங்கே போனது. மீதிக்கு, லென்ஸுக்குக் குறுக்காக ஒரு மேசை விசிறி. திடலில் நடக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் விளக்கு மட்டும்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது: படத்தைத் தமிழில் சொல்வது எப்படி?

முதலில் தமிழ் வசன எழுத்து தயார் செய்தேன். அந்த எழுத்து இருக்கும் எஸ்ஆர்டி கோப்பை யூஎஸ்பியில் போட்டு ப்ரொஜெக்டரோடு இணைத்த சின்னப் பெட்டியில் ஓட்டினால், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். 'வேட்டை' என்று எழுதியது படிக்கவே முடியாமல் சிதறிக் கிடந்தது. கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, மடிக்கணினியில் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருள் வழியாக நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ஓட்டினால் சரியாக வரும். அல்லது எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளைக் கொண்டு எழுத்தைப் படத்திலேயே பதித்துவிட்டால் எந்தப் பெட்டியிலும் கெடாது. நான் பதித்தேன். எழுத்து அழகாக வந்தது.

வீட்டு வாசலில் சிலரை வைத்துப் போட்டுப் பார்த்தோம். பாட்டிமார் எழுத்துப் பக்கமே திரும்பவில்லை. பலர் பள்ளிக்கூடம் போகாமல், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து நேரே மரம் வெட்டப் போனவர்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் கண் புரை. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பேரப்பிள்ளைகள் எழுத்து வந்த உடனே போட்டி போட்டுச் சத்தமாகப் படித்தார்கள். பாட்டிமார் அதைக் கேட்டுக்கொண்டே படத்தை விட்டுக் கண் எடுக்காமல் பார்த்தார்கள். எழுத்தை விட்டுவிட்டுக் குரலுக்குப் போக வேண்டும் என்பது அங்கேதான் தெளிவானது. ஜப்பானில் ஊமைப்படக் காலத்தில் திரையோரம் நின்று கதை சொல்லும் பென்ஷி என்ற கலைஞர்களே இருந்தார்கள். படத்துக்குச் சமமாக அவர்களுக்காகவும் கூட்டம் வரும். நமக்கும் கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் தெரியாததல்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அன்போடு ஒப்புக்கொண்டார். இனுயிட் மக்கள் யார், ஹட்சன் விரிகுடா எங்கே, வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல்விலங்கு எத்தனை கிலோ என்று எல்லாம் படித்துத் தயாராக வந்தார். நன்றாகவே பேசினார். ஆனால் பேச்சு நிற்கவே இல்லை. திடல் முழுக்க வகுப்பறை அமைதி. யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் முடிந்ததும் கைதட்டினார்கள், நாற்காலியை மடக்கினார்கள், போனார்கள்.

அடுத்த முறை அதே படத்தை எதிர்வீட்டு அத்தையிடம் கொடுத்தேன். முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர், கோயில் கும்மிக்கு முன்பாட்டுப் பாடுகிறவர். படத்தை என் வீட்டில் நாலைந்து தரம் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல நான் சொல்றதுக்கு என்ன இருக்கு, அதான் கண்ணுல தெரியுதே" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்தே எழுத்துப்படியைத் திரும்ப எழுதினோம். இடம், உறவு, பொழுது, ஆபத்து, இந்த நாலை மட்டும் குரல் சொல்லும். கை செய்கிற வேலையைக் குரல் சொல்லாது. ஒரு நிமிடப் படத்துக்கு நாற்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது; வேலை நடக்கிற காட்சியில் அதுவும் வேண்டாம். பனிவீடு கட்டும் காட்சிக்கு எங்கள் படியில் இருந்தது இவ்வளவே: "பொழுது சாயுது. இன்னைக்கு ராத்திரி தங்க வீடு இல்ல. கையில இருக்கிறது வால்ரஸ் தந்தத்துல செஞ்ச கத்தி." அதோடு மைக்கை இறக்கிவிடுவார்.

அந்த இடைவெளியில் திடல் பேச ஆரம்பித்தது. நானூக் கத்தியை நாக்கால் நக்கிவிட்டுப் பனியை வெட்டுவார். "கத்திய நக்குறாரு பாரு!" என்று பையன்கள் கத்தினார்கள். பின்வரிசையில் ஒரு தாத்தா, "வழுக்கிட்டுப் போறதுக்குடா. கத்தி வழுக்கலன்னா கட்டி பேந்துரும்" என்றார். படத்தின் ஆங்கில அட்டையில் இருப்பதும் அதே விளக்கம்தான்: எச்சில் உடனே உறைந்து கத்திக்குப் பளபளப்பான பனிப்பூச்சு கொடுக்கிறது. தாத்தாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, அவர் பனியைப் பார்த்ததும் இல்லை. விடியுமுன் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து உளி தீட்டியவர். பட்டையில் ஆழம் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது என்று இருட்டிலேயே கை அறிந்தவர். வாத்தியார் பேச்சு அந்த விளக்கத்தின்மேல் விழுந்திருந்தால் அவர் வாய் திறந்திருக்கவே மாட்டார்.

தெளிந்த பனிக்கட்டி ஒன்றை அறுத்து ஜன்னலாகப் பதித்து, வெளிச்சம் உள்ளே விழப் பக்கத்தில் ஒரு பனிப்பலகையை நிறுத்துவார்கள். அங்கே ஒட்டுமொத்தமாக ஒரு "ஆ" எழுந்தது. செம்பனை வேலைக்கு வந்திருக்கும் வங்காளதேசத் தம்பிகள் சிலர் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குத் தமிழ் புரியாது. ஆனால் அந்த "ஆ"வில் அவர்களும் இருந்தார்கள். மறுவாரத்திலிருந்து அத்தை ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் மலாயில் ஒரு வரி சேர்த்துச் சொல்கிறார்.

படத்தைப் பற்றிய உண்மைகளை எப்போது சொல்வது என்பதிலும் எனக்கு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. நானூக்காக நடித்தவரின் சொந்தப் பெயர் அல்லாகரியல்லாக். அந்தச் சமயத்தில் அந்த மக்கள் துப்பாக்கி வைத்தே வேட்டையாடினார்கள். படத்துக்காகப் பழையபடி ஈட்டியால் வேட்டையாடினார்கள். கேமராவுக்கு வெளிச்சம் போதாததால் உட்புறக் காட்சிக்கென்று பாதி வெட்டித் திறந்துவிட்ட பனிவீட்டைக் கட்டினார்கள். இதையெல்லாம் மறைக்கக் கூடாது, ஆனால் படம் முடிந்த பிறகு சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். முடிந்ததும் சொன்னேன். கூட்டம் கோபப்படவில்லை. ஒரு பாட்டி எழுந்து, துரை வீட்டு விருந்தாளி படம் எடுக்க வந்தபோது மண்டோர் (மேஸ்திரி) எல்லாப் பெண்களையும் தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கச் சொன்னதைச் சொன்னார். "உளி எங்களுது, மரம் எங்களுது, வெட்டுன வெட்டும் எங்க வெட்டுதான். சேலதான் பொய்யி." ஃபிளாகர்ட்டி படத்தைப் பற்றி எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன். இவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

'கிராஸ்' படத்தில் வேறு ஒரு பாடம் கிடைத்தது. என் கையிலிருந்த பிரதியில் ஆட்கள் குடுகுடுவென்று ஓடினார்கள். ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றிக் குறைந்த வேகத்தில் எடுத்ததை இப்போதைய வேகத்தில் ஓட்டினால் அப்படித்தான் தெரியும். விஎல்சியில் வேகத்தை 0.85 என்று வைத்ததும் நடை நடையாக வந்தது. 70 நிமிடம் 82 நிமிடமாக நீளும் என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். எங்கள் ஊரில் ஏழரை மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்; எட்டேகாலுக்கு முன்னால் தொடங்க முடியாது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகிறவர்களைப் பத்து மணிக்குமேல் உட்கார வைப்பதும் நியாயமில்லை. படம் முடிந்து பேசவும் நேரம் வேண்டும். அதனால் நீளமான படத்தை இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்கிறோம். ஆற்றோடு முதல் இரவு, மலையோடு இரண்டாம் இரவு.

காருன் ஆற்றில் ஆட்டுத்தோலை ஊதிக் கட்டி மிதவையாக்கி மொத்தக் கூட்டமும் கடக்கும் காட்சிக்கு உறுமி மேளப் பையன்கள் வாசிக்க ஆசைப்பட்டார்கள். வாசித்தார்கள். படம் மேளத்துக்குள் மூழ்கிப்போனது. அடுத்த முறை ஒரே ஒரு உறுமியை மட்டும் துணி போட்டு மூடி, மிதவை நடு ஆற்றில் இருக்கும்போது மட்டும் இழுக்கச் சொன்னோம். அது பொருந்தியது. சர்தே கூ மலையில் பனியில் வெறுங்காலோடு ஏறும் காட்சியில் எதுவுமே வேண்டாம் என்று பையன்களே சொல்லிவிட்டார்கள்.

ஒலி உள்ள படத்துக்கு வந்தபோது எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. 1934இல் இலங்கைத் தேயிலை விளம்பர வாரியத்தின் பணத்தில் பேசில் ரைட் எடுத்த 'சாங் ஆஃப் சிலோன்' சுமார் நாற்பது நிமிடப் படம். அதன் மூன்றாம் பகுதியில் வணிகக் குரல்கள், விலை, கப்பல் என்று ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வரும். கோயிலின் புனல் ஒலிபெருக்கியில் போட்டபோது கனத்த ஒலி எல்லாம் உதிர்ந்து கீச்சென்ற குரல் மட்டும் மிஞ்சியது. அதன்மேல் அத்தை குரலும் சேர்ந்து இரண்டும் கெட்டது. 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டுக்கு மாறினோம். படத்தின் ஒலி திரையோரத்து ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வர வேண்டும். அத்தையின் குரல் கூட்டத்தின் நடுவில் காது உயரத்தில் வைத்த இன்னொன்றிலிருந்து. இரண்டு ஒலியும் வேறு வேறு திசையிலிருந்து வந்தால் காது தானே பிரித்துக்கொள்கிறது. அவர் பேசும்போது படத்தின் ஒலியைக் கால் பங்குக்கு இறக்குவேன், நிறுத்தமாட்டேன். மடிக்கணினிச் சார்ஜரைச் செருகினால் வந்த "ம்ம்" என்ற இரைச்சலுக்கு 18 வெள்ளி இரைச்சல் தடுப்பான் ஒன்று கேபிளுக்கு நடுவில் போட்டதும் போயே போய்விட்டது.

செலவைக் கூட்டினால்: ப்ரொஜெக்டர் 380, துணி 42, இரும்பு 135, கயிறும் முளையும் 28, சிமெண்டும் துணிக்கண்ணும் 37, கேபிள் 120, தடுப்பான் 18, ஈசல் விளக்கு 20. ஆக 780 வெள்ளி. குட்டிப் பெட்டியிலும் பேனரிலும் போனது 230. ஸ்பீக்கர், மைக், விசிறி, நாற்காலி எல்லாம் இரவல்.

திரும்பச் செய்வதாக இருந்தால் ப்ரொஜெக்டரை வாங்குமுன் அது எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று பார்ப்பேன். ஆறேழு அடியிலேயே பத்தடிப் படம் விழுகிற ரகம் கிடைத்தால் கூட்டத்தின் நடுவில் மேசை போட வேண்டியதில்லை. எழுத்துப்படியை முதலிலேயே பாதியாக வெட்டுவேன். திரை கட்டுகிற நாளுக்கு முன்பே அத்தையை உட்கார வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டுவேன், ஏனென்றால் எந்தக் காட்சிக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரிகிறது.

அடுத்து மலாயன் ஃபிலிம் யூனிட் 1956இல் எடுத்த 'டைம்லெஸ் தெமியார்' படத்தைக் காட்ட வேண்டும். பிரதிக்கும் அனுமதிக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். சுங்கை பிளஸ் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து தெமியார் பழங்குடி மக்கள் பெத்தாய்க் காயும் டுரியானும் கொண்டுவந்து எங்கள் ஊரில் விற்கிறார்கள். பேரம் பேசி வாங்குகிறோம், அவர்கள் வீட்டைப் பார்த்ததில்லை. அந்தப் படத்துக்கு அத்தை மட்டும் சொன்னால் போதாது. பெத்தாய் விற்க வரும் பெரியவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், மலாயில் அவர் சொல்ல, தமிழில் அத்தை சொல்வார். இரண்டு மைக்குக்கும் தனித்தனி ஸ்பீக்கர் வேண்டும். கூடுதல் கேபிள் 20 மீட்டர் வாங்கி வைத்தாயிற்று, மூன்றாவது ஸ்பீக்கர்தான் இன்னும் கிடைக்கவில்லை.